தூக்குவது வேறு, நிரப்புவது வேறு: மார்பகத் தளர்வுக்கான அறுவை சிகிச்சைகள்

பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் டெய்லர் எடுக்கும் அளவுகளில் 'டாட் பாயின்ட்' என்று ஒன்று உண்டு. தோளிலிருந்து மார்பின் முனைவரை எத்தனை அங்குலம் என்ற கணக்கு. அந்த இடத்தைக் குறிவைத்துத்தான் டாட் பிடித்து, தட்டைத் துணியைக் குவித்துக் கொண்டுவருவார்கள். என் தோழி ஒருத்திக்குக் கல்யாணப் பிளவுஸில் இந்த அளவு 9½. இரண்டு பிரசவம், அப்புறம் சர்க்கரைக்குப் பயந்து ஒன்றரை வருடத்தில் 17 கிலோ குறைத்தது என்று எல்லாம் முடிந்து, 39 வயதில் டெய்லர் நோட்டில் ஏறிய அளவு 11¼. "அளவுக்குப் பழைய பிளவுஸ் இருந்தா கொடுங்கக்கா" என்று டெய்லர் கேட்டிருக்கிறார். "பழைய பிளவுஸ் இருக்கு, பழைய அளவுதான் இல்ல" என்றாளாம்.

மார்பகத் தளர்வைச் சரிசெய்யலாமா என்று அவள் விசாரிக்கத் தொடங்கியது அப்போதுதான். முதலில் போன இடத்தில் பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. உட்கார்ந்தபடியே பார்த்தார்கள், மார்பகத்துக்குள் வைக்கும் சிலிகான் பைகளின் மாதிரிகளை மேசையில் பரப்பினார்கள், "இம்ப்ளான்ட் வைத்தால் தானாகவே தூக்கிக்கொள்ளும்" என்றார்கள். இரண்டாவதாகப் போன பிளாஸ்டிக் சர்ஜன் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். பெண் உதவியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டேப்பை எடுத்துக் கழுத்துக் குழியிலிருந்து முலைக்காம்பு வரை அளந்தார். 25 செ.மீ. இளவயதில் பலருக்கும் இது 19 முதல் 21 செ.மீ.க்குள் இருக்கும். அப்புறம் மார்பின் மேல்பகுதியை இரு விரலால் கிள்ளி, சதை எவ்வளவு கனம் என்று பார்த்தார். "உங்களுக்குச் சதை போதுமான அளவு இருக்கும்மா. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்" என்றார்.

இந்த அறுவை சிகிச்சையில் முதலில் பிடிபட வேண்டிய விஷயமும் அதுதான். இடம் ஒரு பிரச்சினை, அளவு வேறொரு பிரச்சினை. 'லிஃப்ட்' என்று சொல்லும் தூக்கல் அறுவை (மருத்துவத்தில் மாஸ்டோபெக்ஸி) இடத்தைச் சரிசெய்யும், அளவைக் கூட்டாது. இம்ப்ளான்ட் அளவைக் கூட்டும், இடத்தை மாற்றாது. இரண்டும் ஒருவருக்கே தேவைப்படலாம். ஆனால் ஒன்றைச் செய்து மற்றதன் பலனை எதிர்பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

மார்பகத்துக்குள் தசை கிடையாது. பால்சுரப்பியும் கொழுப்பும்தான். அவற்றைத் தாங்குபவை உள்ளே வலைபோல் ஓடும் மெல்லிய நார்களும் வெளியே உள்ள தோலும். அந்த நார்களை 1840இல் விவரித்தவர் ஆங்கிலேய சர்ஜன் ஆஸ்ட்லி கூப்பர். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். நாரும் தோலும் ஒருமுறை இழுபட்டுத் தளர்ந்தால் பழையபடி சுருங்குவதில்லை. ஜிம்மில் புஷ்-அப் எடுத்தால் பின்னால் இருக்கும் மார்புத் தசை வலுப்படும், அதன் முன்னால் தொங்கும் தோல் அப்படியேதான் இருக்கும். எண்ணெய், கிரீம், மசாஜ், நூல் விட்டுத் தூக்குகிறோம் என்ற விளம்பரம் என்று இதில் நடக்கும் வியாபாரத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

நம் வீடுகளில் பழியை உடனே தாய்ப்பால் மேல் போட்டுவிடுவார்கள். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக சர்ஜன்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தாய்ப்பால் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டபோது தளர்வில் அதற்குத் தனிப் பங்கு தெரியவில்லை. வயது, உடல் எடை, எத்தனை முறை கர்ப்பம், கர்ப்பத்துக்கு முன்பே மார்பகம் எவ்வளவு பெரியது, புகைப்பழக்கம் என்று இவைதான் காரணங்களாக வந்தன. கர்ப்பத்தில் பெருத்துப் பிறகு வற்றுவதுதான் தோலை இழுக்கிறது. அதற்குப் பின் பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கதை பெரிதாக மாறுவதில்லை. உருவம் கெட்டுவிடும் என்று பால் நிறுத்தச் சொல்லும் பெரியவர்களிடம் இதைச் சொல்லலாம்.

தளர்வை அளக்க உலகம் முழுக்கச் சர்ஜன்கள் பயன்படுத்தும் வகைப்பாடு, மான்ட்ரியால் நகரத்துப் பெண் சர்ஜன் பால் ரெனோ 1976இல் கொடுத்தது. கண்ணாடி முன் நின்று வீட்டிலேயே பார்க்கலாம். மார்பகத்தின் அடியில் உடம்போடு சேரும் மடிப்பில் ஒரு ஸ்கேலைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். முலைக்காம்பு ஸ்கேலின் மட்டத்திலேயே இருந்தால் முதல் நிலை. ஸ்கேலுக்குக் கீழே இறங்கியும் மார்பகத்தின் அடிவிளிம்புக்கு மேலே இருந்தால் இரண்டாம் நிலை. அடிவிளிம்புக்கே வந்து தரையைப் பார்த்தால் மூன்றாம் நிலை. இன்னொன்றும் உண்டு: காம்பு ஸ்கேலுக்கு மேலேதான் இருக்கும், கீழ்ப்பாகம் மட்டும் வழிந்து தொங்கும். இதைப் போலித் தளர்வு என்கிறார்கள். எந்த அறுவை யாருக்கு என்பதில் பாதி முடிவு இந்த ஸ்கேலிலேயே வந்துவிடும்.

இம்ப்ளான்ட் இல்லாத தூக்கலை முதலில் பார்ப்போம். செய்வது கிட்டத்தட்ட டெய்லர் வேலைதான். மிச்சத் தோலை வெட்டியெடுத்து, உள்ளிருக்கும் சதையைக் குவித்துத் தைத்து, காம்பை மேலே கொண்டுபோய் நிறுத்துவது. உவமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அமெரிக்க சர்ஜன் ராபர்ட் வைஸ் 1956இல் வெளியிட்ட வெட்டு வடிவத்துக்கு முன்மாதிரியே பிரா தைக்கும் துணி வெட்டுதான். அந்த 'வைஸ் பேட்டர்ன்' இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

தோல் எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்துத் தழும்பின் நீளம் கூடும். கொஞ்சம் தளர்வு என்றால் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரமாக மட்டும் வெட்டு. பிரான்ஸின் லூயி பெனெல்லி 1990இல் எழுதிய முறையில், கரையாத நூலை வட்டமாக ஓடவிட்டு இழுத்துக் கட்டுவார்கள். பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பை எப்படி மூடுமோ அப்படி. தழும்பு கருவட்டத்தின் விளிம்போடு மறைந்துவிடுவதால் எல்லோருக்கும் முதலில் இதுதான் பிடிக்கும். ஆனால் இதனால் ஓரிரு செ.மீ.க்கு மேல் தூக்க முடியாது. அதற்கு மேல் இழுத்தால் சுருக்குப்பையின் வாய்போலவே சுற்றிலும் மடிப்பு விழும், மார்பகம் முன்புறம் தட்டையாகும், நாளடைவில் கருவட்டம் விரிந்துகொடுக்கும். தழும்புக்குப் பயந்து சின்ன வெட்டைக் கேட்டு வாங்கி, பிறகு உருவத்துக்காக வருத்தப்படுவது இதில்தான் அதிகம்.

நடுத்தரத் தளர்வுக்கு வட்டத்தோடு கீழ்நோக்கி ஒரு நேர்கோடும் சேரும், குச்சி மிட்டாய் மாதிரி. பிரான்ஸின் லாசுஸ் தொடங்கி, பிரஸ்ஸல்ஸின் மேடலைன் லெஜூர், கனடாவின் எலிசபெத் ஹால்-ஃபின்ட்லே என்று பலர் செப்பனிட்ட முறை இது. தோலை இழுத்துக் கட்டுவதை நம்பாமல், உள்ளேயிருக்கும் சதையின் இரு பக்கத்தையும் தூண்போலச் சேர்த்துத் தைப்பதால் உருவம் கூடுதல் நாள் நிற்கிறது. தளர்வு மிக அதிகமாக இருந்தால், அடிமடிப்பு ஓரமாகவும் ஒரு வெட்டு சேர்ந்து நங்கூர வடிவம் வரும். வைஸ் பேட்டர்ன் என்பது இதுதான்.

காம்பை வெட்டியெடுத்து மேலே ஒட்டுவார்களா என்று பலரும் கேட்கிறார்கள். வழக்கமான தூக்கலில் அப்படிச் செய்வதில்லை. ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள ஒரு சதைப்பாலத்தோடு காம்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள தோல்தான் இடம்மாறும். காம்புக்கு உணர்வு கொடுப்பதில் முக்கியப் பங்கு நான்காவது விலா இடைவெளி நரம்புக்கு. அது இழுபடுவதால் சில மாதங்கள் மரத்துப்போகலாம். பெரும்பாலோருக்குத் திரும்பி வரும், சிலருக்கு முழுவதும் வராது. பால்சுரப்பியோடு காம்பின் தொடர்பு அறுபடாவிட்டால் பிறகு தாய்ப்பாலும் கொடுக்கலாம், ஆனால் எவ்வளவு சுரக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இனிமேல் குழந்தை வேண்டும் என்று இருப்பவர்களைத் தள்ளிப்போடச் சொல்வதற்கு இதுவும் காரணம், இன்னொரு கர்ப்பம் செய்த வேலையைக் கலைத்துவிடும் என்பதும் காரணம்.

தழும்பைப் பற்றி நம் நிறத்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கில இணையதளங்களில் வெள்ளைத் தோல் படங்களைப் பார்த்து ஒரு வருடத்தில் கோடு மறைந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். மாநிறத்திலும் கருநிறத்திலும் தழும்பு முதலில் கறுத்து, பிறகுதான் மெல்ல மங்கும். 12 முதல் 18 மாதம் பிடிக்கும். காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ கட்டிபோல் தழும்பு வளர்ந்திருந்தால் அதை மறக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். கீலாய்டு வரும் உடம்பு அது. நெஞ்சு நடுவில் அது இன்னும் எளிதாக வரும் என்பதால்தான் நங்கூரத்தின் உள்முனையை நடுநெஞ்சுக்கு வெகு முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள்.

தூக்கல் தராத ஒன்று, மேல்பாகத்தின் நிறைவு. பிராவுக்குள் கையை விட்டு மேலே தள்ளிப் பார்த்தால் தெரியுமே, அந்த மேடு. தூக்கிய முதல் மாதங்களில் வீக்கத்தால் அது இருப்பதுபோலத் தெரியும். பார்த்தால் இயல்புக்கு மாறாக மிக உயரத்தில் கூட நிற்கும். மூன்று முதல் ஆறு மாதத்தில் எல்லாம் கீழே அமரும்போது அந்த மேடும் போய்விடும். சொந்தச் சதையை வைத்தே இதைச் சமாளிக்கும் வழிகள் உண்டு. கீழே தொங்கும் சதையை வெட்டிப் போடாமல் ஒரு மடலாகச் செய்து காம்புக்குப் பின்னால் மேலே செருகிவிடுவது ஒன்று. வயிற்றிலோ தொடையிலோ இருந்து கொழுப்பை உறிஞ்சி ஊசியால் ஏற்றுவது இன்னொன்று. ஏற்றிய கொழுப்பு முழுவதும் பிழைக்காது, ஒரு பங்கை உடம்பே கரைத்துவிடும். பிழைக்காத இடத்தில் சின்ன எண்ணெய்க் கட்டியோ சுண்ணாம்புப் படிவோ உண்டாகலாம் என்பதால், பின்னால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கும்போது கொழுப்பு ஏற்றியதைச் சொல்லிவிட வேண்டும்.

இனி இம்ப்ளான்ட் மட்டும் வைப்பது. காம்பு மடிப்புக்கு மேலே இருந்து, உள்ளே வற்றிப்போனதுதான் குறை என்றால் இது சரியாக வரும். போலித் தளர்வுக்கும், முதல் நிலையில் சிலருக்கும் பொருந்தும். காற்றிறங்கிய பலூனுக்குக் காற்றடிப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காம்பு மடிப்புக்குக் கீழே இறங்கிவிட்டவருக்கு இதை மட்டும் வைத்தால், இம்ப்ளான்ட் மேலே தன் இடத்தில் நிற்கும், சொந்தச் சதை அதன்மேலிருந்து அருவிபோல வழிந்து தொங்கும். தொலைவிலிருந்து பார்த்தாலே இரண்டு மேடு தெரியும். பெரிய இம்ப்ளான்டாகப் போட்டு நிரப்பிவிடலாம் என்பது அடுத்த தவறு. 300 சிசி சிலிகான் கிட்டத்தட்ட 300 கிராம் எடை. ஏற்கெனவே தளர்ந்த தோலில் ஒரு பக்கத்துக்குக் கால் கிலோவுக்கு மேல் தொங்கவிட்டால் அது எந்தப் பக்கம் போகும்? என் தோழிக்கு முதல் இடத்தில் சொன்னது இதைத்தான்.

இடமும் கெட்டு, அளவும் வற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டிவரும். அதிக எடை குறைத்தவர்கள் பலர் இந்த வகை. மார்பக அறுவைகளில் சர்ஜன்கள் கொஞ்சம் யோசித்து இறங்குவதும் இதில்தான். தூக்கல் தோலைக் குறைத்து இறுக்குகிறது, இம்ப்ளான்ட் அதே தோலை உள்ளிருந்து விரிக்கிறது. ஒரே நாளில் ஒரே துணியைச் சின்னதாக வெட்டி, பெரிய தலையணையை உள்ளே திணித்துத் தைப்பது மாதிரி. தையல் விரியலாம், தழும்பு அகலமாகலாம். இம்ப்ளான்டுக்காக உள்ளே குடைவதும் தூக்கலுக்காக மேலே வெட்டுவதும் சேர்ந்து காம்புக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கலாம். புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடும். குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது அதனால்தான். இந்த இரட்டை அறுவையைப் பற்றி 2003இல் ஸ்காட் ஸ்பியர் என்ற புகழ்பெற்ற அமெரிக்க சர்ஜன் சக சர்ஜன்களையே எச்சரித்து எழுதினார்.

அதற்காக ஒரே தடவையில் செய்யக் கூடாது என்று இல்லை. தளர்வு நடுத்தரமாகவும் இம்ப்ளான்ட் சின்னதாகவும் இருந்தால் அனுபவமுள்ள கைகள் செய்துவிடுகின்றன; ஒரே மயக்க மருந்து, ஒரே ஓய்வு. தளர்வு அதிகம் என்றால் முதலில் தூக்கிவிட்டு, சில மாதம் ஆறவிட்டு, பிறகு இம்ப்ளான்ட் வைப்பது நிதானமான வழி. செலவு கூடும்தான். ஆனால் இதில் ஒரு லாபம் இருக்கிறது: முதல் கட்டம் முடிந்து கண்ணாடியில் பார்த்ததும், இதுவே போதும் என்று அதோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் இரண்டு கட்டமாகச் செய்வதே மேல் என்பது என் கட்சி. தூக்கியபின் இம்ப்ளான்ட் வேண்டுமென்றால் எப்போதும் சேர்க்கலாம், வைத்ததை எடுப்பதற்கோ இன்னொரு பெரிய அறுவை வேண்டும்.

இம்ப்ளான்டுக்கென்று ஒரு தனி வரலாறு இருக்கிறது. முதல் சிலிகான் ஜெல் இம்ப்ளான்ட் 1962இல் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில், தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு சர்ஜன்கள் வைத்தது. பெற்றுக்கொண்டவர் டிம்மி ஜீன் லின்ட்சி, ஆறு பிள்ளைகளின் தாய். மார்பில் குத்திய பச்சையை அழிக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். 1992இல் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ, அழகுக்காக சிலிகான் ஜெல் வைப்பதை நிறுத்திவைத்தது. 2006இல் மீண்டும் அனுமதித்தது. 2010இல் பிரான்ஸின் பிஐபி கம்பெனி, மருத்துவத் தரத்துக்குப் பதிலாகத் தொழிற்சாலை சிலிகானை நிரப்பி விற்றது வெளியே வந்தது. 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி தன் சொரசொரப்பான மேற்பரப்புள்ள பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இம்ப்ளான்டைச் சுற்றி அரிதாக வரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு தெரியவந்ததுதான் காரணம். 2021 அக்டோபரில், இம்ப்ளான்டோடு வரும் விவரத்தாளில் கட்டம்கட்டி எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று எஃப்டிஏ ஆணையிட்டது. அதில் முதலில் இருப்பதே, இது ஆயுளுக்கும் இருக்கும் பொருள் என்று நினைக்காதீர்கள் என்பதுதான்.

ஆக, சிலிகான் இம்ப்ளான்ட் என்றால் ஒரு பராமரிப்புக் கணக்கும் கூடவே வருகிறது. சத்தமில்லாமல் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, வைத்த ஐந்தாறு வருடத்தில் ஒரு எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. உடம்பு அதைச் சுற்றிக் கட்டும் உறை சிலருக்கு இறுகிக் கல்லாகிவிடும், மறுபடி திறக்க வேண்டியிருக்கும். மேமோகிராமில் இம்ப்ளான்டைப் பின்னால் தள்ளிக் கூடுதல் படம் எடுக்க வேண்டும். முப்பது வயதில் வைத்தவர் வாழ்நாளில் இன்னொரு தடவையாவது ஆபரேஷன் மேசையில் படுக்க வேண்டிவரலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. வைத்த இம்ப்ளான்டின் கம்பெனி, வகை, வரிசை எண் உள்ள அட்டையை வாங்கி, ஆதார் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் உங்களுடையதும் அதில் இருக்கிறதா என்று அந்த அட்டைதான் சொல்லும்.

பணம் பற்றி. அழகுக்காகச் செய்வதை இந்திய மெடிக்கல் இன்ஷூரன்ஸ் ஏற்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகான சீரமைப்பு, அல்லது மருத்துவத் தேவை என்று நிரூபிக்கப்பட்டது மட்டுமே விதிவிலக்கு. மருத்துவச் சேவைக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் அழகு அறுவைக்குக் கிடையாது, ஆகவே சொல்லும் தொகை வரியோடா வரி இல்லாமலா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அழகா தேவையா என்ற இந்தக் கோட்டை அழித்துப் பார்த்த ஊர் சென்னை. 2018இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவைக்கென்று இலவசச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டபோது வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை செய்தியானது. ஏழைகளுக்கு மட்டும் அழகுச் சிகிச்சை ஏன் கிடைக்கக் கூடாது என்று அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாத இடத்தில் இதுவா என்று எதிர்ப்பும் வந்தது. நான் அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். கனம் தாங்காமல் தோளும் முதுகும் வலித்து, துப்பட்டாவை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, கூனியே நடந்து பழகிய பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

தனியாரிடம் போகிறவர்கள், சர்ஜனுக்கு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற போர்டு போதாது. மூன்று கேள்வி கேட்கலாம்: எனக்கு எத்தனையாவது நிலைத் தளர்வு? நம் நிறத்தில் ஒரு வருடம் கழித்து எடுத்த தழும்புப் படம் காட்ட முடியுமா? மறுபடி சரிசெய்ய வேண்டிவந்தால் செலவு யாருடையது?

தோழி கடைசியில் இம்ப்ளான்ட் இல்லாமல், குச்சி மிட்டாய் வெட்டில் தூக்கல் மட்டும் செய்துகொண்டாள். எடை ஆறு மாதமாக ஏறி இறங்காமல் நிற்கிறதா என்று உறுதிசெய்துவிட்டு, முன்கூட்டியே ஒரு மேமோகிராமும் எடுத்துவிட்டுத்தான் தேதி கொடுத்தார்கள். ஆபரேஷன் அன்று காலை, மயக்கம் கொடுப்பதற்கு முன்பே, நிற்கவைத்து ஊதா நிற மார்க்கரால் கோடு போட்டார்களாம். படுத்தால் எல்லாம் பக்கவாட்டில் சரிந்துவிடும், கணக்குத் தப்பிவிடும். இரண்டரை மணிநேரம் ஆனது. மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆறு வாரம் சர்ஜிக்கல் பிரா. தண்ணீர்க் குடம், குக்கர், பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. இரண்டாவது வாரம் அடிப்பக்கத் தையலில் ஒரு பட்டாணி அளவுக்கு விட்டுப்போய் நீர் கசிந்து, அது தானாக மூட இன்னும் பத்து நாள் ஆனது. இப்போது பத்து மாதம். கோடு இன்னும் பழுப்பாகத் தெரிகிறது. மேல்பக்கம் இளவயதில் இருந்த மேடு வரவில்லை, அதை முன்பே சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்குப் பிளவுஸ் தைக்கப் போனபோது டெய்லர் டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, சந்தேகத்தோடு இன்னொரு தடவை அளந்து, நோட்டில் 11¼ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 9¾ என்று எழுதிக்கொண்டார்.